வானத்தில் விழுந்த கம்பெனி சீல்

"யோவ் மாயாண்டி, இது என்னய்யா?"

"சீல் சார்."

"அது தெரியுது. எதுல குத்தியிருக்க?"

"உங்களுக்கு வந்த பேப்பர்லதான் சார்."

பேப்பராம்! அனந்தகிருஷ்ணன் கையில் இருந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய ஃபிரெஞ்சுத் தபால் அட்டை. யாரோ ஓர் ஓவியர் கடற்கரையில் உட்கார்ந்து தீட்டிய படத்தை அந்தக் காலத்து அச்சில் போட்டது. இளநீல வானம், நுரை தள்ளும் கடல், கரையில் தலையில் கூடையோடு ஒரு பெண். அந்த வானத்தின் நட்டநடுவில், வட்டமாக, வயலெட் நிறத்தில், 'ரிசீவ்டு' என்று கம்பெனி முத்திரை. அதற்குள் தேதி வேறு.

"கவர் மேல குத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"கவரைத்தான் கிழிச்சுக் குப்பையில போட்டுருவோம்ல சார். உள்ள இருக்கறதுலதான் குத்தணும். பின்பக்கம் பூராம் எவனோ கிறுக்கி வச்சிருந்தான். முன்பக்கந்தான் வெறுமனே கெடந்துச்சு."

"அது வானம்யா! வானம் வெறுமனேதான் இருக்கும்!"

மாயாண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அமீரகத்தில் தபால்காரர் வீட்டு வாசலில் வந்து மணி அடிக்கும் வழக்கமே கிடையாது. கடிதம், கத்தரிக்காய் எதுவானாலும் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளை வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனியில் பெட்டியைத் திறப்பதும், கவரைக் கிழிப்பதும், சீல் குத்துவதும் முதுகுளத்தூர் மாயாண்டியின் டூட்டி. பல வருஷமாக ஒரு காகிதம் அவரை ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைந்ததில்லை. இதற்கு முன் வந்த அட்டைகளையெல்லாம் அனந்தகிருஷ்ணன் பெட்டியடியிலேயே காத்து நின்று பறித்துக்கொண்டு போயிருந்தார். அந்த வியாழக்கிழமை மட்டும் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டார்.

"கோவிக்காதீக சார். தப்பாக் குத்துனதுக்கும் வழி இருக்கு. கொடுங்க இப்படி."

மருந்து ஏதாவது போட்டு அழிப்பார் என்று நம்பி அனந்தகிருஷ்ணன் அட்டையை நீட்டினார். மாயாண்டி இழுப்பறையிலிருந்து இன்னொரு சீலை எடுத்தார். மையில் ஒரு ஒத்து. அட்டையின் அடியில், பொடி எழுத்தில் ஊர்ப் பெயர் அச்சாகியிருந்த வரியின் மேல் ஒரு குத்து.

'கேன்சல்டு.'

"அம்புட்டுத்தான் சார். இனி இது செல்லாது. ஆடிட்ல ஒரு பய கேக்க மாட்டான்."

அனந்தகிருஷ்ணன் அட்டையைப் பறித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிட வேண்டும். துபாயில் ஒரு பயிற்சி வகுப்பில் கோட்டு போட்ட ஒருவன், "உயர்ந்த பதவிக்குப் போகிறவனுக்கு உயர்ந்த பொழுதுபோக்கு வேண்டும்" என்று சொல்லித் தொலைத்தான். கோல்ஃப் ஆடிப் பார்த்தார்; வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒயின் ருசித்துப் பார்த்தார். மனைவி விஜி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது பழைய ஃபிரெஞ்சுக் கடல் அட்டைகள் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து கலாரசிகர் ஆகிவிட்டார். ஃபிரெஞ்சில் 'போன்ழூர்', 'மெர்சி' என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு, நார்மண்டி அலைக்கும் பிரிட்டனி அலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆபீசில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கினார்.

இத்தனைக்கும் அவர் வீட்டு பால்கனிக்கு நேர் எதிரே கடல். நிஜக் கடல். உப்புக் காற்று அட்டைகளுக்கு ஆகாது என்று அந்தக் கதவை டேப் போட்டு ஒட்டி, தடித்த திரையும் தொங்கவிட்டிருந்தார். குடிவந்த நாளிலிருந்து அந்தக் கடலில் அவர் கால் நனைத்ததில்லை.

இப்போது வந்த அட்டை அவருடைய அதிர்ஷ்ட அட்டை. விற்றவன் ஃபிரெஞ்சில் ஒரு பத்தி எழுதியிருந்தான். அதில் 'ஃபிரான்ஸே', 'ரேர்' என்ற இரண்டு சொல் இவருக்குப் புரிந்தது. மிச்சத்தை இவரே ஊகித்து, நார்மண்டி என்று தீர்மானித்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், கம்பெனியை ஒரு ஃபிரெஞ்சு நிறுவனம் வாங்கிவிட்டது. பெர்னார் என்று புது ஜெனரல் மேனேஜர் வந்து இறங்கியிருந்தார். கொள்முதல் பிரிவில் இரண்டு மேனேஜர்கள். ஒன்று அனந்தகிருஷ்ணன், இன்னொன்று ரவிசங்கர். இனி ஒரு நாற்காலிதான். மற்றவருக்கு விசா கேன்சல், கணக்கு கலாஸ், ஊருக்கு டிக்கெட். ரவிசங்கர் பெர்னாரை திப்பா பக்கம் படகில் மீன்பிடிக்கக் கூட்டிப்போய், அவர் தூண்டிலில் ஒரு பெரிய மீனும் மாட்டும்படி பார்த்துக்கொண்டதாகத் தகவல். அதைக் கேட்ட மறுநாளே அனந்தகிருஷ்ணன் பெர்னாரின் அறைக்குள் நுழைந்து, "சார், என்னிடம் அபூர்வமான நார்மண்டி ஓவிய அட்டை ஒன்று வருகிறது. சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அப்படியா! என் மனைவியையும் அழைத்து வருகிறேன்" என்றார் பெர்னார்.

வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் இருந்தது.

"இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க? நெயில் பாலிஷ் எடுக்கறது இருக்கு. ஒரு துடை துடைச்சா போயிரும்" என்றாள் வீட்டில் விஜி.

"மெதுவா. நூறு வருஷத்துப் பொருள்."

"நானும்தான் இருபது வருஷத்துப் பொருள். என்னை எப்பவாவது மெதுவாத் தொட்டிருக்கீங்களா?" என்று சொல்லிக்கொண்டே விஜி பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தாள்.

முத்திரை போயிற்று. போன முத்திரை சும்மா போகவில்லை. வானம் முழுக்கப் பரவிவிட்டுப் போயிற்று. இளநீலமாக இருந்த வானம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது.

"அய்யய்யோ."

"என்னடி அய்யய்யோ?"

"சாயங்காலம்னு சொல்லிச் சமாளிச்சுருங்களேன். சூரியன் மறையற நேரம்."

"நார்மண்டியில சூரியன் இப்படியா மறையும்? யாரோ சூரியனை அடிச்சுக் கொன்ன மாதிரி இருக்கு."

"அப்ப ப்ளீச் போட்டுப் பார்ப்போம். வெள்ளைச் சட்டையில விழுந்த மையே போகுது, இது போகாதா?"

போயிற்று. வயலெட் போயிற்று. அதோடு வானம் போயிற்று, நுரை போயிற்று, அடியில் இருந்த 'கேன்சல்டு' போயிற்று, அதற்குக் கீழே பதுங்கியிருந்த ஊர்ப் பெயரும் சேர்ந்து போயிற்று. ஊர்ப் பெயர் போனதைப் பற்றி அனந்தகிருஷ்ணன் கவலைப்படவில்லை. அந்தப் பொடி எழுத்தை அவர் படித்ததே இல்லை; அதுதான் நார்மண்டி என்று அவருக்கே தெரியுமே! இப்போது அட்டையில் பாக்கி இருந்தது, வெளுத்த ஒரு வெளி, கூடைக்காரப் பெண், தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண், கரையோரம் நீளமாக, பழுப்பாக ஏதோ ஒன்று. சுற்றிலும் வெளுத்துவிட்டதால் அந்தப் பழுப்பு மட்டும் தூக்கலாகத் தெரிந்தது.

"இது என்ன கறை?" என்றார்.

"கறை இல்லங்க. படகு."

"படகுன்னா பாய் இருக்கணும். விளிம்பு இருக்கணும். ஃபிரெஞ்சுப் படகை நான் எத்தனை பார்த்திருக்கேன்! இது எவனோ காபி டம்ளரைச் சாய்ச்சு வச்ச கறை."

"எனக்கென்னமோ படகு மாதிரிதான் தெரியுது. அந்தப் பொம்பளைகூட மீன்காரி மாதிரி இருக்கா. கூடைக்காரி நடக்கற நடையைப் பாருங்க."

"விஜி, கலை விஷயத்துல நீ தலையிடாதே. சேமியா கிண்டறதுல நான் தலையிடறேனா?"

சவரப் பிளேடை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழுப்பைச் சுரண்டினார். கறை பிடிவாதக்காரக் கறை. ஓரம் ஓரமாகத்தான் வந்தது. முழுசாக எடுத்து முடித்தபோது, அந்த இடத்தில் அட்டை புண் ஆறிய தோல் மாதிரி சொரசொரவென்று ஆகியிருந்தது. ஈரத்தில் நான்கு மூலையும் அப்பளமாகச் சுருண்டு நின்றன.

விஜி திடீரென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, விளையாட்டை விடுங்க. எனக்குப் பயமா இருக்கு. இந்த வேலை போச்சுன்னா நம்ம பொண்ணு பானு என்ன பண்ணுவா? பிளஸ் டூ நடுவுல பாதிப் படிப்போட ஊர்ல எந்த ஸ்கூல்ல சேர்ப்பாங்க? போன வாரந்தான் ஃபிரெண்ட்ஸை விட்டுட்டு எங்கேயும் வர மாட்டேன்னு அழுதா."

அனந்தகிருஷ்ணனுக்கும் பயமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ரவிசங்கருக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும். எனக்கு ரசனை இருக்கு" என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அட்டையை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, கீழே டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகம்மதுவிடம் போனார். விசா விண்ணப்பம் அடிப்பது, நகல் எடுப்பது, போட்டோ ஒட்டுவது என்று காகித சம்பந்தமான சகல காரியமும் அங்கே நடக்கும்.

"பாய், இதைச் சுருக்கம் இல்லாம நிமிர்த்திக் கொடுக்கணும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"ஏன் சார் பதறுறிய? வச்சுட்டுப் போங்க. தொழுதுட்டு வந்து பார்க்குறேன்."

வளைகுடாவில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான காகிதம் என்று எவனாவது ஒருத்தன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பிளாஸ்டிக் ஏறிவிடும். திரும்பி வந்தபோது கௌஸ் முகம்மது புன்னகையோடு அட்டையை நீட்டினார். சூட்டில் அழுத்தி, கண்ணாடி மாதிரி லேமினேஷன் போட்டிருந்தார். ஈரம் முழுசாகக் காயாததால் கூடைக்காரியின் தலைக்கு மேல் வரிசையாகக் கொப்புளங்கள்.

"பாய்! என்ன பாய் இது!"

"இனி தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது சார். காசெல்லாம் வேணாம், வச்சுக்கோங்க."

பிள்ளையார் பிடிக்கப் போனவன் குரங்கையாவது பிடித்தான். இவர் கையில் குரங்குகூட இல்லை.

சனிக்கிழமை இரவு பெர்னார் தம்பதி வந்தார்கள். பெர்னார் ஆறடி, பளபளக்கும் மொட்டை. அவர் மனைவி செலின் மாநிறம், ஒல்லி உடம்பு, முழங்கால் வரை கவுன், கழுத்தில் ஒரு மெல்லிய செயின். ஃபிரான்சுக்குச் சொந்தமான ஏதோ ஒரு தீவுக்காரி என்று ஆபீசில் பேச்சு.

"போன்ழூர் மதாம்!" என்று அனந்தகிருஷ்ணன் இடுப்பு ஒடிகிற அளவுக்குக் குனிந்தார்.

இரவில் 'போன்ழூர்' சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. செலின் சிரித்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தாள்.

அதற்குள் விஜி, வாடிக்கையாக விருந்தாளி முன்னால் பேசுகிற அந்தத் தணிந்த தமிழில், "ஏங்க, பார்த்தா நம்ம பக்கத்துப் பொம்பள மாதிரியே இருக்காளே" என்றாள்.

"வாயை மூடு. பக்கா ஃபிரெஞ்சுக்காரி. நம்ம ஊர்க் கருவாச்சிகூடச் சேர்த்துப் பேசி அசிங்கப்படுத்தாதே" என்றார் அனந்தகிருஷ்ணன், முகத்தில் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு.

செலின் திறந்த வாயை மூடிக்கொண்டு, "மெர்சி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

யூடியூப் பார்த்துச் சமைத்த ஃபிரெஞ்சு உருளைக்கிழங்குப் பதார்த்தம் அடுப்பிலேயே கருகிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் விஜி சோறு, ரசம், உருளை வறுவல், மீன் குழம்பு என்று கொண்டுவந்து வைத்தாள். பெர்னார் முள்கரண்டியால் சோற்றைத் துரத்திக்கொண்டிருந்தார். செலினோ கையைக் கழுவிக்கொண்டு வந்து, ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

"பார்த்தியா, நம்ம கலாச்சாரத்தை எப்படி மதிக்கிறா! படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"மூணாவது தடவையா ரசம் வாங்கறா. நாளைக்குன்னு வச்சிருந்தது பூராம் காலி" என்றாள் விஜி.

பெர்னார் ஆங்கிலத்தில் கேட்டார்: "நான் மலைப் பக்கத்துக்காரன். கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. செலின்தான் கடற்கரையில் பிறந்தவள். உங்கள் ஊரும் கடல் பக்கமா?"

"நோ சார், சென்னை. சிட்டி" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"ஏன், நாகப்பட்டினம்னு சொன்னா நாக்கு அழுகிருமா?" என்றாள் விஜி தமிழில்.

"மீன் நாத்தம் பிடிச்ச ஊர்ல பொறந்தேன்னு இவங்ககிட்டச் சொல்லணுமாக்கும்! சோத்தைப் போடு, பேசாம."

இதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு அவர் செலின் பக்கம் திரும்பினார். "மதாம், நார்மண்டி?"

செலின் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். ஃபிரெஞ்சுக்காரர்கள் இப்படித்தான் தலையாட்டுவார்கள் போலிருக்கிறது என்று அனந்தகிருஷ்ணன் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது. தப்பிக்க முடியாத அந்த நேரமும் வந்தது. வெல்வெட் துணி விரித்த தாம்பாளத்தில் அட்டையை ஏந்திக்கொண்டு வந்தார். பெர்னார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது?"

"பனிமூட்டம் சார். நார்மண்டிப் பனிமூட்டம். அந்தக் காலத்து ஓவியர்கள் அதற்கு உயிரையே விடுவார்கள்."

"இந்தப் பிளாஸ்டிக்?"

"பாதுகாப்பு சார். மியூசியத்தில் இப்படித்தான்."

"இந்தக் குமிழிகள்?"

"ஆலங்கட்டி மழை சார்."

பெர்னார் மெல்லத் தலையசைத்தார். "மொட்டையன் நம்பிட்டான்டி. இவனுக்கு ஒரு இழவும் தெரியல" என்றார் அனந்தகிருஷ்ணன், பாயசக் கிண்ணத்தை நகர்த்துகிற சாக்கில்.

செலின் அட்டையைக் கையில் வாங்கினாள். வெள்ளைத் தூணைப் பார்த்தாள். கூடைக்காரியைப் பார்த்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்தாள். சொரசொரத்த இடத்தின் மேல் பிளாஸ்டிக்கோடு விரலை ஓட்டினாள். அங்கேயே விரல் நின்றது.

"என்னங்க, நீங்க பிளேடு போட்ட இடத்துலேயே கையை வச்சுக்கிட்டு இருக்கா" என்றாள் விஜி.

"சிரி. சிரிச்சுக்கிட்டே பேசு. ப்ளீச் போட்டோம், காபிக் கறையைச் சுரண்டினோம்னு அவளுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

"மாயாண்டி குத்தின சீலோடவே காட்டியிருந்தாக்கூட இதைவிட நல்லா இருந்திருக்கும்."

"காட்டலாம், காட்டலாம். அப்புறம் ரவிசங்கர் உட்காருவான், நாம பெட்டி கட்டலாம். சிரிடி!"

இருவரும் சிரித்தார்கள். செலினும் சிரித்தாள். பெர்னாருக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் மரியாதைக்கு அவரும் சிரித்தார். பிரமாதமான விருந்து என்று அனந்தகிருஷ்ணனுக்குத் தோன்றியது.

லிஃப்ட் வரை வழியனுப்பப் போனார்கள். பெர்னார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆங்கிலத்தில், "மிஸ்டர் அனந்த், உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. உங்களையா ரவிசங்கரையா, யாரை வைத்துக்கொள்வது என்று திங்கட்கிழமை எழுதி அனுப்ப வேண்டும். படகில் மீன் பிடித்ததையும் அட்டை பார்த்ததையும் வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். எனக்கு ஆட்களை எடைபோட வராது. அதற்கு செலின்தான். அவள் பேசவே மாட்டாள், கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் யாரைச் சொல்கிறாளோ அவர்தான்" என்றார்.

அனந்தகிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூன்று தடவை ரசம் வாங்கியவள்! அட்டையை விட்டு விரலை எடுக்க மனசில்லாமல் தடவிக்கொண்டிருந்தவள்! ராத்திரி முழுக்கச் சிரித்த முகம்! ரவிசங்கருடைய மீன் எந்த மூலைக்கு!

"முடிஞ்சுது விஜி. வேலை நமக்குத்தான். இந்தச் சிரிச்ச மூஞ்சிக்காரியை நாலு வார்த்தை பேசாமலேயே கவுத்துட்டேன் பார்த்தியா" என்று கிசுகிசுத்தார்.

விஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையை இறுகப் பிடித்தாள்.

லிஃப்ட் வந்தது. பெர்னார் உள்ளே போய் நின்றார். செலினும் உள்ளே போய், பொத்தானை அழுத்திக் கதவைப் பிடித்தபடி அவர்கள் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு இரண்டு கையையும் கூப்பினாள்.

"வர்றேண்ணே, ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு; உங்க நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் காரைக்கால்தான் நான், எங்க வீட்டுக் கூடத்துல இதே படம் தொங்குது, நீங்க காபிக் கறைன்னு சுரண்டி எடுத்தது எங்க ஊர்க் கட்டுமரம்!"